4 மில்லிகிராம், 12 வாரம்: நிகோட்டின் சூயிங்கம் மென்றவனின் குறிப்பு

நிகோட்டின் சூயிங்கத்தை நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை நான்கே நாளில் அட்டையை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுத் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய்விட்டேன். இரண்டாம் முறை, 22 ஆண்டுகளாக நாளுக்கு 14 சிகரெட் குடித்த பழக்கத்தை விட்டுவிட்டேன். இடைப்பட்ட காலத்தில், அளவைத் தவிர, பொருள் மாறவில்லை. அது வாய்க்குள் என்ன செய்கிறது, மூளைக்குள் போய் எதைத் தொடுகிறது என்பது எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆகவே இந்த விமர்சனத்தில் பாதி சூயிங்கத்தைப் பற்றியும் பாதி, மூளையில் நிகோட்டின் போய் உட்காரும் ஏற்பிகள் என்ற புரதங்களைப் பற்றியும் இருக்கும். ஒன்றை விட்டு மற்றொன்றை எழுத எனக்கு வரவில்லை.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். ஒன்று ஏன் குறைந்தது என்பதைப் போகிற போக்கில் சொல்வேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பலரும் இதை விற்கிறார்கள். சுவையும் அட்டையின் நிறமும் மாறுமே தவிர, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். தாளும் மையும் குவிந்துகிடக்கும் இடம் என்பதால் உள்ளே நெருப்பு கூடாது. பின்வாசல் வேப்பமரத்தடியில் நின்று, மெய்ப்புத் தாளைச் சுவரில் வைத்துப் படித்தபடியே குடிப்பேன். ஒற்றுப்பிழை கண்ணில் பட வேண்டுமென்றால் ஓர் இழுப்பு வேண்டும் என்று மனதார நம்பியிருந்தேன். காலையில் கண் விழித்து ஐந்து நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைத்தாக வேண்டும். இந்த ஐந்து நிமிடக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

முதல் முறை வாங்கியது 2 மில்லிகிராம். அதை மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். கடைக்காரர் அட்டையை நீட்டி, "மெல்லுங்கள் அண்ணாச்சி, சிகரெட் ஞாபகமே வராது" என்றார். நானும் மென்றேன். பள்ளிக்கூட நாளில் மென்றதைப்போலக் கடகடவென்று மென்றேன். இரண்டு நிமிடத்தில் தொண்டை மிளகாய் பட்டதுபோல எரிந்தது. விக்கல் பிடித்தது, வயிறு காந்தியது. அதை அடக்கக் காபி குடித்தேன். காபிக்குப் பிறகு மென்ற வில்லை ஒன்றுமே செய்யவில்லை. சிகரெட் ஞாபகம் முன்னைவிட அதிகமாக வந்தது. நான்காம் நாள் சாயங்காலம், எனக்கு மன உறுதி கிடையாது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவோடு மூன்று ஆண்டுகள் குடித்தேன்.

அட்டையோடு மடித்து வைத்திருந்த செய்முறைத் தாளில் தமிழ் இல்லை. எழுத்து அளவு ஆறு புள்ளிகூட இருக்காது. சிறிய எழுத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கே உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது. தீப்பெட்டி ஆலையிலும் அச்சகத்திலும் வேலை செய்கிற மனிதனுக்கு அந்தத் தாள் எதைச் சொல்லும்? இந்தப் பொருளின் வெற்றி தோல்வி முழுவதும் மெல்லும் முறையில் இருக்கிறது. அந்த முறையை வாங்குபவனின் மொழியில் சொல்லாமல் விட்டதைச் சின்னக் குறையாக என்னால் நினைக்க முடியவில்லை. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது இதற்காகத்தான்.

மூன்று ஆண்டு கழித்து, செவிலியர் படிப்பு மாணவிகளுக்கான மருந்தியல் கையேடு ஒன்று மெய்ப்புக்கு வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நரம்பு மண்டலம் பற்றிய அத்தியாயத்தில் ஒரே பொருளை ஓரிடத்தில் 'ஏற்பி' என்றும் ஓரிடத்தில் 'வாங்கி' என்றும் எழுதியிருந்தார். எதை வைப்பது என்று கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன். 'ஏற்பி' என்றே வையுங்கள் என்றார். பேச்சு அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் 'நிகோட்டினிக் அசிட்டைல்கோலின் ஏற்பி' என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஓர் அரிப்பு. "ஐயா, நம் உடம்பில் இருக்கிற உறுப்புக்குப் புகையிலையின் பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டேன். அவர் அரை மணி நேரம் பேசினார்.

உடம்பில் அந்த ஏற்பிக்கு உரிய பொருள் அசிட்டைல்கோலின். நரம்பு முனையிலிருந்து அது வெளிப்பட்டு, எதிரே இருக்கும் ஏற்பியில் போய் உட்காருகிறது, ஏற்பி திறக்கிறது, சோடியம் உள்ளே பாய்கிறது, செய்தி போய்ச் சேர்கிறது. கை மடங்குவதும் மூச்சு விடுவதும் இப்படித்தான். 1905இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி என்பவர் கோழியின் தசையில் நிகோட்டினைத் தடவிப் பார்த்தார். தசை சுருங்கியது. தென்னமெரிக்க அம்பு நஞ்சான குராரேயைக் கொடுத்ததும் அந்தச் சுருக்கம் தடைபட்டது. நரம்பை வெட்டி நீக்கிய பிறகும் நிகோட்டின் வேலை செய்தது. அப்படியானால் தசையிலேயே இந்த இரண்டையும் பிடித்துக்கொள்கிற ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். ஏற்பி என்ற எண்ணத்துக்கு அதுவே ஆரம்பம். பிறகு 1914இல் ஹென்றி டேல், அசிட்டைல்கோலினின் வேலைகளை இரண்டாகப் பிரித்து, நிகோட்டின் செய்வதைப்போல இருக்கிற வேலைக்கு நிகோட்டின் பெயரையே சூட்டிவிட்டார். வீட்டுக்காரனை விட்டுவிட்டு விருந்தாளியின் பெயரைக் கதவில் எழுதி வைத்த கதை.

அந்த ஏற்பியைக் கையில் எடுத்துப் பார்க்க, லாங்லியின் ஆய்விலிருந்து 65 ஆண்டு ஆனது. பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் ழான்-பியர் ஷான்ஷே என்ற நரம்பியல் அறிஞர் 1970இல் அதைப் பிரித்தெடுத்தார். இரண்டு உயிர்கள் அதற்கு உதவின. ஒன்று, தென்னமெரிக்காவின் மின்விலாங்கு. அது மின்சாரம் உண்டாக்கும் உறுப்பில் இந்த ஏற்பி அடை அடையாக நிறைந்திருக்கிறது. மற்றொன்று, தைவானில் வாழும் ஒரு பாம்பு. நம்மூர்க் கட்டுவிரியனின் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் நஞ்சிலிருந்து சாங், லீ என்ற இரண்டு தைவான் விஞ்ஞானிகள் 1963இல் பிரித்த ஒரு நச்சுப் புரதம், தசையில் இருக்கும் இந்த ஏற்பியைப் பிடித்தால் எளிதில் விடுவதில்லை. எந்தப் புரதத்தின்மேல் அது போய் ஒட்டுகிறதோ அதுதான் ஏற்பி என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். கட்டுவிரியன் தீண்டியவருக்கு முதலில் இமை தொங்கிப்போவதை எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரியும். நரம்பு தசையோடு பேசும் இடத்தில் அந்த நஞ்சு குறுக்கே நிற்பதுதான் காரணம். சிறு வயதிலிருந்து கேட்டுப் பயந்த ஒரு விஷயமும், என் சட்டைப்பையில் இருந்த சிகரெட் பெட்டியும் ஒரே குடும்பத்துப் புரதத்தைத் தேடிப் போகின்றன என்று அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூளையில் இருப்பது தசையில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. இரண்டிலும் ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை உண்டாக்குகின்றன. துண்டுகளின் வகைதான் வேறு. மூளையில் மிகுதியாகக் காணப்படுவது ஆல்ஃபா-4, பீட்டா-2 என்ற இரண்டு வகைத் துண்டுகள் சேர்ந்தது. ஷான்ஷேயின் ஆய்வகத்தில் பயின்று பிறகு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன மரீனா பிச்சோட்டோ, பீட்டா-2 துண்டு இல்லாத எலிகளை வைத்துச் செய்த ஆய்வை 1998இல் வெளியிட்டார். எலிகள் முதலில் தாமாகவே கோகைன் எடுத்துக்கொள்ளப் பழக்கப்பட்டன. பிறகு கோகைனுக்குப் பதிலாக நிகோட்டின் வைக்கப்பட்டது. சாதாரண எலிகள் விடாமல் எடுத்துக்கொண்டன. பீட்டா-2 இல்லாத எலிகளுக்கு நிகோட்டின் வேண்டியிருக்கவில்லை. 2005இல் ஷான்ஷேயின் குழுவினர், அந்தத் துண்டில்லாத எலிகளுக்கு மூளையின் நடுப்பகுதியில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். நிகோட்டின் நாட்டமும் திரும்பி வந்தது.

இதைப் பேராசிரியர் சொல்லி முடித்தபோது வேப்பமரத்தடியில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தேன். மூன்று ஆண்டாக என் மன உறுதியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எலிக்கு மன உறுதி உண்டா? ஒரு புரதத்தின் ஒரு துண்டு இருந்தால் வேண்டும் என்கிறது, இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறது. என் மனைவியிடம் அன்றிரவு இதைச் சொன்னேன். அவள் நெடுநேரம் கழித்து, "அப்படியென்றால் மருத்துவரிடம் போகலாமே, ஏன் உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

மருத்துவர் முதலில் கேட்டதே, எழுந்தபின் எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்றுதான். எத்தனை சிகரெட் என்பதைவிட இதுதான் முக்கியமாம். அரை மணி நேரத்துக்குள் குடிப்பவருக்கு 4 மில்லிகிராம், அதற்குமேல் தாங்குபவருக்கு 2 மில்லிகிராம். எனக்கு ஐந்து நிமிடம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கியது எனக்குரிய அளவே இல்லை. 4 மில்லிகிராமுக்கு மருந்துச் சீட்டு வேண்டும், எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் காரணம் இது. அசிட்டைல்கோலின் வேலை முடிந்ததும் உடனே சிதைக்கப்பட்டுவிடும். அதற்கென்று ஒரு நொதி பக்கத்திலேயே இருக்கிறது. நிகோட்டினை அந்த நொதியால் தொட முடியாது. அது நெடுநேரம் தங்குகிறது. நெடுநேரம் தட்டப்பட்ட ஏற்பி மரத்துப்போகிறது. இரவு தூங்கும்போது நிகோட்டின் வடிய, மரத்துப்போயிருந்தவை விழித்துக்கொள்கின்றன. விடியற்காலையில் அத்தனையும் ஒன்றாகக் கேட்கின்றன. போதாததற்கு, புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. நிகோட்டின் செல்லுக்குள்ளேயே நுழைந்து, துண்டுகள் ஒன்றுசேர்ந்து ஏற்பியாவதற்குத் துணை போகிறது என்று அமெரிக்காவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் ஹென்றி லெஸ்டரின் ஆய்வகம் காட்டியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்தர் பிராடி குழுவினர் 2006இல் புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஓரிரு இழுப்பிலேயே ஆல்ஃபா-4 பீட்டா-2 ஏற்பிகளில் பாதி நிகோட்டினால் நிரம்பி, மூன்று மணி நேரத்துக்கு அப்படியே இருந்தன. ஒரு முழு சிகரெட் குடித்தால் 88 சதவீதத்துக்கும் மேல். நான் 14 குடித்தேன். பகல் முழுவதும் என் ஏற்பிகள் நிரம்பியே கிடந்திருக்கின்றன. பாதிக்குமேல் குடித்ததெல்லாம் நிரம்பிய குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

இனி சூயிங்கத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் தொடங்கினேன். காலண்டர் வேலை ஓய்ந்து அச்சகத்தில் மூச்சுவிட நேரம் கிடைக்கும் காலம் அதுதான். நான் வாங்கியபோது பத்து வில்லை கொண்ட அட்டை நூறு ரூபாய்க்கு மேல். ஒரு வில்லையும் ஒரு சிகரெட்டும் ஏறக்குறைய ஒரே விலை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் ஆறு வாரத்தில் பணம் மிச்சமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வில்லை சதுரமாக, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது. மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு. அட்டையிலிருந்து எடுப்பது எளிதல்ல. முதலில் பின்தாளை உரித்து, பிறகு பின்பக்கமிருந்து அழுத்த வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்தக் கடினம் நல்லதுதான். ஒரு வில்லையே சிறு குழந்தைக்கு ஆபத்து.

வாயில் போட்டதும் பூச்சு உடைந்து புதினா வரும். பத்துப் பன்னிரண்டு கடி மெதுவாகக் கடித்தால் மிளகு கடித்ததுபோல ஒரு காரம் நாக்கின் ஓரத்தில் எழும். அப்போது நிறுத்த வேண்டும். கடைவாயில், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த இடம் லேசாகச் சுரீரென்று இருக்கும். ஒரு நிமிடம் போனால் அந்தச் சுரீர் உணர்வு அடங்கும். மறுபடி இரண்டு மூன்று கடி, காரம் எழுந்ததும் மறுபடி ஒதுக்கு, இம்முறை மறுபக்கம். இப்படி அரை மணி நேரம். அதற்குமேல் கடித்தாலும் காரம் எழாது. தாளில் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடலாம்.

மருத்துவர் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு என் அப்பத்தா நினைவுக்கு வந்தாள். வெற்றிலையை மென்றுகொண்டே இருக்க மாட்டாள். இரண்டு மெல்லு மென்று கடைவாயில் அடக்கிக்கொண்டு ராட்டினத்தில் தண்ணீர் இறைப்பாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கும். அடக்குவது! இதுதான் சொல். செய்முறைத் தாளின் ஒரு பத்தியை நம் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடலாம். "சூயிங்கத்தை வெற்றிலை மாதிரி அடக்கிக்கொள்ளுங்கள்" என்று அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தால் மூன்று ஆண்டு குடித்திருக்க மாட்டேன்.

ஒப்புமை அத்தோடு நிற்கவில்லை. நிகோட்டின் வாயின் உட்தோல் வழியே இரத்தத்துக்குப் போக வேண்டுமென்றால் எச்சில் காரத்தன்மையோடு, அதாவது அமிலத்துக்கு எதிரான குணத்தோடு, இருக்க வேண்டும். புளிப்பாக இருந்தால் போகாது. அதனால் சூயிங்கத்தில் சோடியம் கார்பனேட் சேர்த்திருக்கிறார்கள். புகையிலையோடு சுண்ணாம்பு தடவுவதும் இதே வேதியியல்தான். தடவியவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் முதல் முறை செய்த காபித் தவறும் இதில் விளங்கிவிட்டது. காபி, எலுமிச்சைச் சாறு, கோலா எல்லாம் புளிப்புச் சாதி. வில்லைக்கு முன் 15 நிமிடமும், வில்லை வாயில் இருக்கும்போதும் அவை கூடாது. விழுங்கிய எச்சிலோடு போகும் நிகோட்டின் பெரும்பாலும் ஈரலில் வீணாகிறது. போகிற வழியில் விக்கலையும் நெஞ்செரிச்சலையும் கொடுத்துவிட்டுப் போகிறது. அப்பத்தாவைப் பற்றி எழுதியதால் யாரும் வெற்றிலையோடு புகையிலை போடுவதை நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் வாய்ப்புற்றில்தான் போனாள்.

இந்தப் பொருள் பிறந்த கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1967 டிசம்பரில், ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்து கிளேஸ் லுண்ட்கிரன் என்பவர், ஹெல்சிங்போர்க்கில் லியோ என்ற மருந்து நிறுவனத்தில் இருந்த ஓவே ஃபெர்னோ என்ற வேதியியலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள், புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சமாளிப்பதை அவர் பார்த்திருந்தார். நிகோட்டினை வாய் வழியாகவே கொடுத்தால் என்ன என்பது அவர் கேள்வி. ஃபெர்னோவும் விடாப் புகைப்பாளர். நிகோட்டினை ஒரு வகைப் பிசினோடு பிணைத்து, கடிக்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி செய்தார்கள். 1978இல் ஸ்விட்சர்லாந்து முதலில் அனுமதித்தது, அமெரிக்கா 1984இல். அமெரிக்கர்கள் மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடிதம் எழுதியவரும் கண்டுபிடித்தவரும் அடக்குவதைப் பார்த்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். அதனால்தான் மெல்லும் பண்டமாக இது விற்கப்படுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பலன் எப்படி? சிகரெட்டோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். புகை நுரையீரலுக்குப் போய் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. சூயிங்கத்தின் நிகோட்டின் இரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணி நேரம் ஆகிறது. அதுவும் சிகரெட் கொடுக்கும் உச்சத்தை எட்டாது. முதல் வாரம் முழுவதும் எனக்கு ஏதோ ஒன்று வந்து சேராததுபோலவே இருந்தது. ஆனால் அந்த வேகம்தான் பழக்கத்தை இறுக்குகிறது. வேகம் இல்லாததுதான் இந்தப் பொருளின் குணம். கை நடுக்கமும் சிடுசிடுப்பும் பாதிக்குமேல் குறைந்தன. ஆசை எழுந்த பின் வில்லையைத் தேடினால் பிந்திவிடும். மணி பார்த்து முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அடுத்த மூன்று வாரம் இரண்டிலிருந்து நான்கு மணிக்கு ஒன்று. கடைசி மூன்று வாரம் நான்கிலிருந்து எட்டு மணிக்கு ஒன்று. எந்த நாளிலும் 24ஐத் தாண்டக் கூடாது.

நான் கணக்கு வைத்தது தினசரிக் காலண்டர் தாளில். எங்கள் அச்சகத்துக் காலண்டர்தான். ஒவ்வொரு வில்லைக்கும் ராகுகாலத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. மறுநாள் தாளைக் கிழித்ததும் எறியாமல் கவ்வியில் கோத்து வைத்தேன். முதல் வாரத் தாள்களில் பதினொரு கோடு, பத்துக் கோடு. ஐந்தாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் பதினான்கு கோடுகள் இருக்கின்றன. அன்று ஒரு பாடநூலின் 16 பக்கம் கொண்ட படிவம் முழுவதும் தவறாக ஏறிவிட்டது. மாலை ஏழு மணிக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் பின்வாசலில் புகைக்க, நான் கடைவாயை மாற்றி மாற்றி அடக்கிக்கொண்டு அந்தத் தாள்களைப் புரட்டினேன். பதினொன்றாம் வாரத்தில் மூன்று கோடு, இரண்டு கோடு. தமிழ்ப் புத்தாண்டுக்கு முதல் நாள் தாளில் ஒரே கோடு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தாடை வலிக்கும், எனக்கு இரண்டாம் வாரம் காதுவரை வலித்தது. செயற்கைப் பல் வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, ஒட்டிக்கொள்ளும். புதினா நெடி எனக்கு மூன்றாம் வாரத்திலேயே அலுத்துவிட்டது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. புகைக்காதவர்கள் விளையாட்டுக்குக்கூடப் போடக் கூடாது. இது மிட்டாய் இல்லை, மருந்து. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு, நிகோட்டின் மாற்று மருந்துகள் புகையை விடும் வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகின்றன என்கிறது. இது பெரிய உதவிதான். ஆனாலும் பயன்படுத்தியவர்களில் பலர் திரும்பப் புகைக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. முதல் முறை நானும் அவர்களில் ஒருவன்.

பெட்டியில் எழுதாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். யேலில் கெல்லி காஸ்குரோவ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், புகையை விட்டவர்களின் மூளையைப் படமெடுத்து, கூடிப்போன பீட்டா-2 ஏற்பிகள் எப்போது குறைகின்றன என்று பார்த்தார்கள். நான்கு வாரம் கழித்தும் கூடுதலாகவே இருந்தன. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் புகைக்காதவர்களின் அளவுக்கு வந்துவிட்டன. இதைப் படித்ததும், சூயிங்கத்தின் 12 வாரமும் இந்த 12 வாரமும் ஒன்றுதான் என்று மகிழ்ந்துவிட்டேன். பேராசிரியர்தான் திருத்தினார். உடம்பில் நிகோட்டின் இருந்தால் அந்தப் படத்தில் ஏற்பிகளைச் சரியாக அளக்க முடியாது. அந்த இடத்தில்தான் நிகோட்டின் உட்கார்ந்திருக்குமே. அது நிகோட்டினே இல்லாமல் இருந்தவர்களின் கணக்கு. "உங்கள் கணக்கு கடைசி வில்லையைத் துப்பிய நாளில்தான் தொடங்கும்" என்றார்.

அது உண்மை என்று என் உடம்பே காட்டியது. ஏப்ரலில் சூயிங்கத்தை நிறுத்திய பின் வந்த நான்கு வாரம், ஜனவரியில் தொடங்கிய முதல் வாரத்தைப்போல அவ்வளவு கடுமையாக இல்லாவிட்டாலும், யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத கடினம். எழுத்துகள் கண்ணில் நழுவின. 'ணகர'த்தை 'னகர'மாக விட்டு ஒரு திருமண அழைப்பிதழே அச்சாகிவிட்டது. மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து அந்த வாரங்களில் எத்தனை பேர் திரும்பப் போயிருப்பார்களோ! எனக்குக் காஸ்குரோவின் எண்கள் கையில் இருந்தன. நான்கு வாரத்தில் இன்னும் கூடுதல், ஆறாம் வாரத்துக்குமேல் குறைவு. காலண்டரில் எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். ஏழாவது வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து நெடுநேரம் ஆன பிறகுதான் சிகரெட்டை நினைக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியானது. மூன்று இரவு தொடர்ந்து வேலை. வேப்பமரத்தடியில் தேநீர் மட்டும் குடித்தேன்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் மருத்துவரையோ, சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையோ கேளுங்கள். எழுந்து அரை மணி நேரத்துக்குள் குடிப்பவர் 2 மில்லிகிராமை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

செய்முறைத் தாளை நானே தமிழில் எழுதி, 12 புள்ளி எழுத்தில் அடுக்கி, கழிவுத் தாளில் ஐம்பது படி எடுத்தேன். அடக்குவது என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டேன். மருத்துவர் ஒருமுறை படித்துவிட்டு இரண்டு இடத்தில் திருத்தினார். முதல் முறை எனக்கு அட்டையை விற்ற அதே கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நின்றபடியே முழுவதும் படித்தார். "இதை அன்றைக்கே சொல்லாமல் விட்டுவிட்டேனே அண்ணாச்சி" என்று வருந்தினார். இப்போது ஒவ்வோர் அட்டையோடும் ஒரு தாளைச் சுற்றிக் கொடுக்கிறார். எங்கள் இயந்திரப் பகுதித் தம்பி ஒருவன் மூன்றாம் வாரத்தில் இருக்கிறான். நேற்று விக்கல் நிற்கவில்லை என்று வந்தான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், மென்றுகொண்டே இருந்தான். கன்னத்தில் எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.